கால் நுழைய இடம்

புதிய மேசைகளை நான் முதலில் பார்த்தது அடியிலிருந்து. ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பேக்கிங் கூடத்தில் வரிசையாக நிறுத்தியபோது நான் தரையில் என் இடத்தில் இருந்தேன். எவர்சில்வர் பலகையின் அடிப்பக்கம், பற்றவைத்த தழும்புகள், கால்களுக்கு மாட்டிய ரப்பர் குமிழ்கள் தெரிந்தன. மேற்பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் கடலை மிட்டாய் அதன் மேல்தான் இருக்கும் என்றார்கள்.

சிறுவயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போய்விட்டன. இருக்கின்றன, வேலை செய்யாது. கைகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்து நகர்வேன். கைகளுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வேன். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறேன். இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். அது ஆகி முடியட்டும் என்று சற்றுக் காத்திருப்பது என் வழக்கம். இங்கேயும் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? இனி வேலைக்கு வருவோம்.

கோவில்பட்டியில் எங்களுடையதைப் போன்ற மிட்டாய்க் கம்பெனிகள் பல உண்டு. பின்கட்டில் கடலை வறுபடும், பாகு காயும். வெட்டிய மிட்டாய் தட்டுத் தட்டாக முன்னால் வரும். அதை எண்ணிக் கவரில் போட்டு, எடை பார்த்து, வாயை ஒட்டுவது எங்கள் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதைத் தரையில் உட்கார்ந்துதான் செய்தோம். நடுவில் தட்டு, சுற்றி பெண்கள். தரையில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் உயரம் ஒன்றுதான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் காலையிலிருந்து என்னோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானம் நான் சாப்பிட நகரும்போதுதான் என்னைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள். அந்த அரை நாள் எனக்கு மிகவும் பிடிக்கும். யாரும் எனக்குத் திட்டமிட்டுக் கொடுத்த வசதியில்லை அது. வெறும் தரை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மேசை வரக் காரணம் ஆய்வுக்கு வந்த அதிகாரி. உணவுப் பொருளைத் தரைமட்டத்தில் வைத்து பேக்கிங் செய்யக் கூடாது என்றார். அதில் தவறில்லை. பிறகு முதலாளியைப் பார்த்து, "அந்தம்மா தரையில ஊன்றின கையாலயேதான் மிட்டாயைத் தொடுறாங்களா?" என்று கேட்டார்.

அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். நான் கை கழுவுகிறேன், கையுறை மாட்டுகிறேன் என்று சொல்லவும் தயாராக இருந்தேன். ஆனால் கேள்வி என் தலைக்கு மேலே போனது, பதிலும் என் தலைக்கு மேலேயே வந்தது. முதலாளி, "ஏற்பாடு பண்ணிருதேன் சார்" என்றார். அந்த ஏற்பாடு நான்தான் என்பது மறுநாள் தெரிந்தது.

"ஏ தாயி, உன்னைய யாரு வேலைய விட்டுப் போகச் சொல்லுதா?" என்றார் முதலாளி. "முன்ரூம்ல உக்காந்து அட்டைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டு. சம்பளத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"முன்ரூம்ல வேற யாரு இருக்கா அண்ணாச்சி?"

"ஒருத்தரும் இல்ல. நீ பாட்டுக்கு நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதி வேணும்னு நான் கேக்கலையே."

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் சண்டை சுலபம். என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறவரோடு சண்டை போடுவதற்குத் தெம்பு அதிகம் வேண்டும். முன்ரூமுக்குப் போகமாட்டேன் என்றேன். வரிசையில் என் கை வேகமானது, எடை பார்ப்பதும் நான்தான், என் இடம் வரிசையில்தான் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அதிகாரி அடுத்த மாசம் மறுபடி வருவாரு. அதுக்குள்ள நீயே ஒரு வழி சொல்லு. இல்லன்னா முன்ரூம்தான், பாத்துக்க" என்றார்.

அன்று இரவு டயரியில் தேதிக்குக் கீழே ஒரே வரிதான் எழுதினேன்: முன்ரூம் இல்லை.

மேசை எல்லோருக்கும் கெட்டதாகவும் இல்லை. எனக்கு எதிரில் உட்காரும், நான் மதினி என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறவளுக்கு அது வரமாக வந்தது. ஆட்டுக்கிடை போடும் குடும்பத்தில் பிறந்து நெடுநெடுவென்று வளர்ந்தவள். தரையில் மடக்கி மடக்கி முழங்கால் இரண்டும் கெட்டுப்போய், எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். ஸ்டூலில் உட்கார்ந்து மேசைக்கடியில் காலை நீட்டிய முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சுகம் அதில். நான் தரையில் இருந்தபடி அவளுடைய பாதங்களிடம் பேச வேண்டியதாயிற்று. தட்டை எனக்கென்று தனியாக ஒரு பலகையில் வைத்துக் கீழே கொடுத்தார்கள். அவர்கள் மேலே சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டுச் சிரிக்கும் சிரிப்பில் உப்பில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். முதலாளிக்குத் தெரிந்தவர் மூலம் என் பிரச்சினையைத் தங்கள் பிராஜெக்ட்டாக எடுத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். கூச்சத்தோடு சிரித்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி என் அருகில் மண்டியிட்டு, "அக்கா, கொஞ்ச நேரம் நாங்க உங்கள மாதிரியே இருந்து பாக்கப் போறோம். அப்பதான் உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியும்" என்றாள்.

"என்னைய மாதிரியா?" என்றேன்.

துப்பட்டாவாலும் துண்டாலும் கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கூடம் முழுக்க நகர்ந்தார்கள். ஒருவன் பாகுக் கட்டியில் கை வைத்து ஒட்டிக்கொண்டான். ஒருத்திக்கு உள்ளங்கை தோல் உரிந்தது. பேக்கிங் வரிசை முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. மதினி, "ஏட்டி, உன் சாதிசனம்லாம் ஒண்ணா வந்து இறங்கியிருக்கு, காப்பி குடுத்து அனுப்பு" என்றாள். கட்டை அவிழ்த்த பிறகு அந்தக் கண்ணாடிப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எப்படிக்கா இவ்வளவு வருஷமா..."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது இல்லை. அந்த அழுகை போய்ச் சேர்ந்த இடத்தின்மீது.

"யம்மா, நீ பட்டது உன் கஷ்டம். அது என் கஷ்டம் இல்ல. உன் கைக்குப் பழக்கமில்ல, உரிஞ்சிருச்சி. என் கைக்கு நாப்பது வருசப் பழக்கம். இந்தக் கூடத்துல மதினி நடந்து போறதுக்குள்ள நான் போயிருவேன். என் கஷ்டம் என்னன்னு கேட்டியா?" கையை நீட்டிக் காட்டினேன். "அந்தா நிக்கு பாரு மேசை. அது போன வாரம்தான் வந்துச்சி. அழணும்னா அதைப் பாத்து அழு."

அவர்கள் போய், ஒரு வரைபடத்தோடு திரும்பி வந்தார்கள். மோட்டார் வைத்த நாற்காலி. தரையிலிருந்து பட்டன் அழுத்தினால் மேசை உயரத்துக்குத் தூக்கும், கீழே விழாமல் இடுப்பில் பெல்ட். மோசமான வரைபடம் என்று சொல்லமாட்டேன், உழைத்திருந்தார்கள். நாற்காலியில் ஒரு பெண் உருவமும் வரைந்திருந்தார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தது. அது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"பெல்ட்டை யாரு மாட்டிவிடுவா?"

"யாராவது உதவி பண்ணுவாங்கக்கா."

"தண்ணி குடிக்க, வெளிய போக, கவர் எடுக்க, ஒவ்வொரு வாட்டியும் யாரையாவது கூப்பிடணும். இப்ப நான் யாரையும் கூப்பிடல. நானே போறேன், நானே வாரேன். கரண்டு போச்சின்னா ஆகாசத்துல தொங்கணுமா?"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், நல்லது செய்ய வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டாயே என்பது இருந்தது. விரட்டினேன்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. என்மீது இரக்கப்பட்டு ஒருவர் செய்யும் பொருள் எனக்குப் பொருந்தாவிட்டாலும் நான் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பேருந்து நிலையத்திலிருந்து திருமண மண்டபம் வரை அந்த விதியின்படி கட்டிய எத்தனையோ சாய்தளங்களில் சறுக்கி எழுந்தவள் நான்.

கண்ணாடிப் பெண் மட்டும் அடுத்த சனிக்கிழமை எட்டயபுரம் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். கையில் அளவு நாடா, சாக்பீஸ். "நான் வரையலக்கா. நீங்க வரைங்க, நான் அளக்குறேன்" என்றாள். அன்று அவள் அழவுமில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் யோசித்து வைத்திருந்ததைத் தரையில் வரைந்தேன். என்னை மேசைக்குத் தூக்க வேண்டாம். தரையைத் தூக்குவோம். சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேடை. நான் அதில் ஏறி உட்கார்வேன். மேடையின் விளிம்பில் உயர்த்திய ஒரு எவர்சில்வர் பலகை, அதன் மேல் தட்டு. மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நிற்கட்டும், அல்லது ஸ்டூல் போட்டு உட்காரட்டும். முகத்துக்கு முகம் நேராக இருக்கும்.

"ஏறுறதுக்கு ராம்ப் எந்தப் பக்கம் போடலாம்க்கா?"

"ராம்ப் வேண்டாம். படி."

அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். "படியா?"

சக்கரத்தில் போகிறவர்களுக்குச் சாய்தளம் சரி. கை ஊன்றி ஏறுகிறவளுக்குச் சாய்தளம் என்பது ஏறி முடிக்கும்வரை உட்கார இடமில்லாத வழி. இடுப்பைத் தூக்கி வைத்த இடத்திலிருந்து உடம்பு பின்னால் வழுக்கும். படி என்றால் ஒவ்வொரு படியும் ஒரு இருக்கை. என் சாணில் முக்கால் உயரம், உட்காரப் போதுமான அகலம், வழுக்காத கல். மேலே ஏறி உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டும் குழாய். கைச்செருப்பைக் கடைசிப் படியில் கழற்றிவிட்டு, அங்கேயே கழுவி, உறை மாட்டி வேலையைத் தொடங்கலாம். அதிகாரியின் கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் அதுதான். அவள் ஒவ்வொன்றாக அளந்தாள். என் உட்கார்ந்த உயரம், கை எட்டும் தூரம், இடுப்பைத் தூக்கினால் எவ்வளவு எழும்புகிறேன் என்பது. உடம்பை அளந்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. தையல்காரரிடம் நிற்பதுபோல இருந்தது.

இப்போதிருக்கும் மேசைகளை என்ன செய்வது என்று கேட்டாள். "காயலான் கடைக்குப் போடச் சொல்லு" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் வரிசை முழுவதும் வந்து சாக்பீஸ் கோடுகளைச் சுற்றி நின்றது. மதினி ஸ்டூலைத் தூக்கிவந்து, மேடை என்று நான் வரைந்திருந்த கோட்டுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கோட்டைத் தாண்டிப் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது சுவரு மாதிரி அடைச்சுக் கட்டுற மேடைதான?"

"ஆமா."

"அப்ப எங் கால நான் எங்கன வைக்க?"

நான் கோட்டையும் அவள் காலையும் பார்த்தேன்.

"கேக்கேம்லா. முட்டு இடிக்கும், தள்ளி உக்காந்தா கை எட்டாது, எட்டிக் குனிஞ்சா இடுப்பு போயிரும். கால வீட்டுல கழத்தி வச்சிட்டு வரவா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கால்களுக்கு இடம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? கால்கள் என்ன செய்யும், எங்கே போகும், எப்போது வலிக்கும் என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். அதை அவள்தான் சொல்ல வேண்டும். நான் என் கோபத்தில் அவளுடைய மேசையைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தேன். முதலாளி என்னை முன்ரூமுக்கு அனுப்பப் பார்த்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

"நீ நடக்கிறவ, உன் கவலை எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அதான் சொல்லுதேன்ல. எழுதிக்க" என்றாள் மதினி.

கண்ணாடிப் பெண்தான் போய் ஒரு மேசையை இழுத்து வந்து கோட்டோடு ஒட்டி நிறுத்தினாள். "மேடைய மேசைக்கு ஒரு சாண் கீழ வச்சா?" என்றாள். புரிந்துவிட்டது. மேடை மேசைக்குப் பின்னால் நிற்கும். மேடையில் உட்கார்ந்தால் மேசைப் பலகை என் மடிக்குச் சற்று மேலே வரும். எதிரில் ஸ்டூல், மேசைக்கடியில் மதினியின் நீளக் கால்கள். மிட்டாய் எவர்சில்வரில். நான் வெறுத்த மேசை பாதி விடையாகத் திரும்பி வந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருந்தது.

முதலாளி படத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தனாரை வரச்சொன்னார். கொத்தனார் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "கரிசல் அண்ணாச்சி. உள்ள மண்ணக் கொட்டி நெரப்பினா மழைக்கு உப்பும், கோடைக்கு வாயப் பொளக்கும். அஸ்திவாரத்த ஆழமா எடுத்து, குட்டைத் தூண் நிறுத்தி, மேல சிலாப் போட்டுருவோம்" என்றார். படியும் அதே அஸ்திவாரத்தில் வர வேண்டும் என்றேன். வாசலில் தள்ளுவண்டிக்காகத் தனியாகக் கட்டிய சரிவு ஒரே கோடையில் கட்டடத்தைவிட்டு விலகி, இடையில் விரல் நுழையும் வெடிப்பு விட்டிருக்கிறது. நடக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் விரல்களால் நடக்கிறவள்.

எல்லாம் பேசி முடித்தும், கட்டுவதற்காக விட்ட லீவில் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது படி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு சாய்தளம் இருந்தது.

"ஏம் கொத்தனாரே, படிதானே சொன்னோம்?"

"உடம்புக்கு முடியாதவியளுக்குச் சாய்ப்புதான் போடணும்மா. போன வருசம் ஒரு ஆபீசுக்குக் கட்டும்போது சொன்னாவ. உனக்கு நல்லதுக்குத்தான்."

"சரி. கால நீட்டி உக்காந்து, கைய ஊன்றி ஒரு வாட்டி ஏறிக் காட்டுங்க."

வேட்டியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பாதி வழியில் வழுக்கிக் கீழே வந்தார். மறுபடி ஏறினார், மறுபடி வந்தார். எழுந்து கடப்பாரையை எடுத்தார்.

மாணவர்களைக் கோபித்துக்கொண்ட நானே கொத்தனாரை இப்படிச் செய்யச் சொன்னது சரியா என்று பிறகு யோசித்தேன். சரிதான். அவர்கள் என் உடம்பைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர் தான் கட்டியதைச் சோதித்தார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். மேசைகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், முதலாளி பக்கம் திரும்பி, "இவங்க கை..." என்று தொடங்கினார்.

"சார், கை என்னோடது. என்கிட்ட கேளுங்க" என்றேன்.

இந்த முறை என் முகம் அவர் முகத்துக்கு வெகு கீழே இல்லை. அவர் கொஞ்சம் தடுமாறி, என்னிடமே கேட்டார். நான் மேடையிலிருந்து இறங்கி, கைச்செருப்பு மாட்டி, மறுபடி படியேறி, செருப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உறை மாட்டிக் காட்டினேன். அவசரப்படவில்லை. தலையசைத்துவிட்டு மிட்டாய்த் தட்டின் பக்கம் கை நீட்டினார்.

"நீங்க வாசல் கேட்டைத் தொறந்து வந்த கை சார். குழாய் இங்கன இருக்கு."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, வந்து குனிந்து கழுவினார். குழாய் என் உயரத்துக்கு வைத்தது. நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. "சரியா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முதலாளிக்கு உற்சாகம். மேடைக்கு மேலே சுவரில் ஒரு போர்டு வைக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கான சிறப்பு ஏற்பாடு என்று எழுதி, என்னை அதன் கீழே உட்கார வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார்.

"வைங்க அண்ணாச்சி. அப்படியே எதிர்ப் பக்கம் மேசைக்கடியிலயும் ஒண்ணு வைங்க. கால் உள்ளவியளுக்கான சிறப்பு ஏற்பாடுன்னு."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மதினிக்கு உடனே விளங்கிவிட்டது. "நீளக் கால்னு போடுங்க அண்ணாச்சி" என்றாள். போர்டு வரவில்லை.

இப்போது மேடையில் என்னோடு இன்னும் சிலர் உட்காருகிறார்கள். ஒருத்தி பிள்ளையுண்டாகியிருக்கிறாள், ஸ்டூல் ஒத்துவரவில்லை. இன்னொருத்திக்கு மேடையில் உட்காரப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். புதிதாக வந்த ஒருத்தி போன வாரம் குழாயடியில் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தாள். "எல்லாருக்கும் பொதுதானக்கா?" என்றாள். மேடை பொது, குழாயடி என்னுடையது என்று சொல்லி எழுப்பினேன்.

மின்விசிறிப் பிரச்சினை ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அது கூடத்தின் நடுவில் இருக்கிறது. மேசைகளை மேடையோடு ஒட்டியதில் காற்று முழுவதும் ஸ்டூல் பக்கம் போகிறது. மேடைக்கு மாற்ற வேண்டும் என்று நான் சொல்கிறேன். மாற்றினால் தனக்கு வேர்க்கும் என்று மதினி சொல்கிறாள். முதலாளியிடம் இருவரும் போனோம். மேடைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில், மேசைக்கு நேர் மேலே வைக்கலாமே என்றார். அந்த இடத்தில் மாட்ட உத்தரம் இல்லை.

"நீதான் மகாராணி மாதிரி மேடையில உக்காந்திருக்கல்ல, காத்து வேறயா ஒனக்கு?" என்கிறாள்.

"உனக்குக் காலுக்கு இடம் வாங்கிக் குடுத்தேம்லா. காத்து எனக்கு."

"ஏட்டி, அத நானாக்கும் கேட்டு வாங்கினேன்."

விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. எனக்கும் இல்லை. கண்ணாடிப் பெண் அடுத்த சனிக்கிழமை நாடாவோடு வருகிறேன் என்றிருக்கிறாள்.